ஐ.டி. வேலை அறிவிப்புகளில் ஊதியம் மட்டும் இடம்பெறாதது ஏன்? - விரிவான அலசல்

பெங்களூரு, ஹைதராபாத், புணே, குருகிராம், நொய்டா உள்ளிட்ட நகரங்களில் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நாள்தோறும் வெளியிடும் வேலை அறிவிப்புகளில், பணியின் பெயர், தேவையான அனுபவம், அறிந்திருக்க வேண்டிய கணினி மொழிகள், வாரத்தில் எத்தனை நாள்கள் அலுவலகம் வர வேண்டும் என்பது வரை எல்லா விவரங்களும் இடம்பெறுகின்றன. ஊதியம் என்ற இடத்தில் மட்டும் 'வெளியிடப்படவில்லை', 'துறை வழக்கப்படி', 'தகுதிக்கேற்ப' என்பன போன்ற சொற்களே காணப்படுகின்றன.

அந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிப்பவரைத் தொலைபேசியில் அழைக்கும் ஆள்சேர்ப்பு அலுவலர் பெரும்பாலும் மூன்று கேள்விகளுடன்தான் பேச்சைத் தொடங்குகிறார். தற்போதைய ஊதியம் எவ்வளவு, எதிர்பார்க்கும் ஊதியம் எவ்வளவு, இப்போதைய நிறுவனத்திலிருந்து விலக எத்தனை நாள்கள் ஆகும் என்பவையே அவை. நிறுவனம் தன் தொகையைச் சொல்வதில்லை. விண்ணப்பதாரர் மட்டும் தன் தொகையைச் சொல்லியாக வேண்டும்.

50 லட்சத்துக்கும் அதிகமானோர் பணியாற்றும் இத்துறையில், வேலை மாற விரும்புவோரின் நீண்டகால மனக்குறை இது. ஒரு விவரம் விடுபட்டுப் போவதால் ஏற்படும் சிறு இடையூறாக இது தோன்றலாம். ஆனால், ஒரு வேலைக்கான ஊதியம் அந்த வேலையின் மதிப்பைக் கொண்டு முடிவாகிறதா, அல்லது அதற்கு விண்ணப்பிப்பவரின் பழைய ஊதியத்தைக் கொண்டு முடிவாகிறதா என்ற கேள்வி இதில் அடங்கியுள்ளது.

அரசுப் பணியில் ஒரு வழக்கம், தனியார் துறையில் வேறு வழக்கம்

ஊதியத்தை வெளிப்படையாக அறிவிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், பணியாளர் தேர்வு ஆணையம், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் ஊதிய விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி 10-ஆம் நிலைப் பணிக்கு மாதம் ரூ.56,100 முதல் ரூ.1,77,500 வரை அடிப்படை ஊதியம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எவரும் அறிந்துகொள்ள முடியும்.

தனியார் தகவல் தொழில்நுட்பத் துறையிலும் ஓர் இடத்தில் இந்த வெளிப்படைத்தன்மை உண்டு. பொறியியல் கல்லூரிகளில் நடைபெறும் வளாகத் தேர்வின்போது, எந்தப் பணிக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கின்றன. மாணவர்கள் அதைப் பார்த்த பிறகே தேர்வில் பங்கேற்கின்றனர். அதே மாணவர் மூன்று, நான்கு ஆண்டுகள் அனுபவம் பெற்று வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விவரம் அவருக்குக் கிடைப்பதில்லை. அனுபவம் இல்லாதவருக்குச் சொல்லப்படும் தொகை, அனுபவம் உள்ளவருக்கு மறைக்கப்படுகிறது.

தொகை முடிவாகாததால்தான் வெளியிடப்படுவதில்லை என்றும் கூறிவிட முடியாது. ஒரு பணியிடத்துக்கு ஆள் எடுக்க ஒப்புதல் வழங்கும்போதே அதற்கான நிதி ஒதுக்கீடும் உச்சவரம்பும் பொதுவாக முடிவாகிவிடுகின்றன. வேலைவாய்ப்பு இணையதளங்களில் அறிவிப்பைப் பதிவேற்றும் நிறுவனம் ஊதிய வரம்பைக் குறிப்பிட்டுவிட்டு, அதை விண்ணப்பதாரரின் பார்வையிலிருந்து மறைத்து வைக்கவும் வசதி தரப்படுகிறது.

பழைய ஊதியமே அளவுகோல்

புதிய ஊதியத்தை, தற்போதைய ஊதியத்துடன் 20 அல்லது 30 சதவீதம் சேர்த்துக் கணக்கிடும் முறை இத்துறையில் பரவலாக உள்ளது. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அறியலாம்.

ஒரு பணியிடத்துக்கு நிறுவனம் ஆண்டுக்கு ரூ.20 லட்சம் வரை ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம். ஒரே அளவு அனுபவமும் திறனும் கொண்ட இருவர் விண்ணப்பிக்கின்றனர். ஒருவரின் தற்போதைய ஊதியம் ரூ.8 லட்சம், மற்றவருக்கு ரூ.14 லட்சம். இருவருக்கும் 30 சதவீத உயர்வு என்றால் முதலாமவருக்கு ரூ.10.4 லட்சமும், இரண்டாமவருக்கு ரூ.18.2 லட்சமும் கிடைக்கும். வேலை ஒன்றுதான்; வேறுபாடு ரூ.7.8 லட்சம். தமக்கு 30 சதவீத உயர்வு கிடைத்ததாக முதலாமவர் மகிழக்கூடும். ஒதுக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழ பாதிக்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதை அறிய அவருக்கு வழியில்லை.

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிய பட்டதாரிகளுக்கான தொடக்க ஊதியம், ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.3.5 லட்சம் என்ற அளவிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி நீடித்து வருகிறது. அந்தத் தொகையில் பணியைத் தொடங்கியவர் எத்தனை நிறுவனங்கள் மாறினாலும், ஒவ்வொரு முறையும் அந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. மகப்பேறு அல்லது குடும்பப் பொறுப்பு காரணமாகச் சில ஆண்டுகள் இடைவெளி எடுத்துக்கொண்டு திரும்பும் பெண்களுக்கும், சிறு நகரங்களிலுள்ள சிறிய நிறுவனங்களிலிருந்து பெருநகரங்களுக்கு வருவோருக்கும் இதன் பாதிப்பு அதிகம்.

சொல்லப்படும் தொகை உண்மைதானா என்பதைச் சரிபார்க்க, கடைசி மூன்று மாத ஊதியச் சீட்டுகளையும், சில இடங்களில் வங்கிக் கணக்கு அறிக்கையையும் நிறுவனங்கள் கேட்கின்றன. நிதியாண்டின் நடுவில் பணியில் சேர்பவரிடமிருந்து, வருமான வரியைச் சரியாகப் பிடித்தம் செய்வதற்காக முந்தைய நிறுவனத்தில் ஈட்டிய தொகை கேட்கப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தத் தேவை பணியில் சேர்ந்த பிறகே எழுகிறது. முதல் தொலைபேசி அழைப்பின்போது எழுவதில்லை.

நிறுவனங்கள் கூறும் காரணங்கள்

ஊதியத்தை வெளியிடாமைக்கு நிறுவனங்கள் தரப்பில் பொதுவாக நான்கு காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, ஏற்கெனவே பணியாற்றுவோரின் மனநிலை. ஒரே பணியில் ஐந்து ஆண்டுகளாக இருப்பவரைவிடப் புதிதாக வருபவருக்கு அதிக ஊதியம் வழங்கப்படுவது இத்துறையில் இயல்பாக நடக்கிறது. அறிவிப்பில் தொகை வெளியானால் உள்ளே இருப்பவர்களும் அதைக் கேட்பார்கள் என்ற அச்சம் உள்ளது.

இரண்டாவது, போட்டி நிறுவனங்கள். தாம் தரும் தொகையை அறிந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தந்து தம் பணியாளர்களைப் போட்டியாளர்கள் ஈர்த்துவிடுவார்கள் என்று நிறுவனங்கள் கருதுகின்றன.

மூன்றாவது, வரம்பைச் சொன்னால் எல்லா விண்ணப்பதாரர்களும் அதன் உச்சத்தையே கேட்பார்கள் என்ற வாதம்.

நான்காவது, நேர்காணலில் வெளிப்படும் திறனைப் பொறுத்து ஒருவரை மேல்நிலைப் பணியிலோ, கீழ்நிலைப் பணியிலோ அமர்த்த வேண்டியிருக்கும். எனவே, முன்கூட்டியே ஒரு தொகையைச் சொல்ல இயலாது என்ற விளக்கம்.

நான்காவது காரணத்தில் ஓரளவு உண்மை உள்ளது. எனினும், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வரம்பை அறிவிப்பதன் மூலம் அதற்குத் தீர்வு காண முடியும். முதல் காரணமோ, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஊதிய ஏற்றத்தாழ்வு வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதையே வேறு சொற்களில் கூறுகிறது.

இதனால் நிறுவனங்களுக்கும் இழப்பு நேர்கிறது. இணையவழிக் குறிமுறைத் தேர்வு, இரண்டு அல்லது மூன்று தொழில்நுட்ப நேர்காணல்கள், மேலாளருடனான சந்திப்பு ஆகிய அனைத்தும் முடிந்து, மனிதவளப் பிரிவின் கடைசிச் சுற்றில்தான் ஊதியப் பேச்சு வருகிறது. அங்கே இரு தரப்பின் எதிர்பார்ப்பும் பொருந்தாவிட்டால், விண்ணப்பதாரர் செலவிட்ட நேரத்துடன் நேர்காணல் நடத்திய பொறியாளர்களின் நேரமும் வீணாகிறது. பல நிறுவனங்களில் பணி விலகல் அறிவிப்புக் காலம் 60 முதல் 90 நாள்கள் வரை இருப்பதால், ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டவர் அந்த இடைவெளியில் வேறு நிறுவனங்களிடம் பேசி, அதிகம் தருபவரிடம் சென்றுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. வேலையின் சந்தை மதிப்பை அறிய அவருக்கு வேறு வழி தரப்படாததும் அதற்கு ஒரு காரணம்.

ஆள்சேர்ப்பு முகவரின் நிலை

விண்ணப்பதாரரின் கோபம் பெரும்பாலும் தொலைபேசியில் பேசும் முகவர் மீதே திரும்புகிறது. ஆனால், முகவர்களும் ஒரே வகையினர் அல்லர்.

நிரந்தரப் பணிக்கு ஆள் தேடித் தரும் நிறுவனங்கள், தேர்வானவரின் ஆண்டு ஊதியத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டணமாகப் பெறுகின்றன. ஒரு மாத ஊதியத்துக்கு ஈடான 8.33 சதவீதம் என்பது இந்தியாவில் நன்கு அறியப்பட்ட அளவு. இம்முறையில் விண்ணப்பதாரரின் ஊதியம் உயர்ந்தால் முகவரின் வருவாயும் உயரும். எனினும், கட்டணம் செலுத்துவது நிறுவனமே என்பதால், அது வெளியிட விரும்பாத தொகையை முகவரும் சொல்லத் தயங்குகிறார். சில நேரங்களில் அவருக்கே உச்சவரம்பு மட்டும்தான் தெரியும்.

ஒப்பந்தப் பணியாளர்களை வழங்கும் நிறுவனங்களின் கணக்கு வேறு. வாடிக்கையாளர் நிறுவனத்திடம் பெறும் தொகைக்கும், பணியாளருக்குத் தரும் தொகைக்கும் உள்ள வேறுபாடே அவற்றின் வருவாய். பணியாளர் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்த வருவாய் கூடும். தம்மை அழைப்பவர் இவ்விரு வகைகளில் எதைச் சேர்ந்தவர் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறிவது விண்ணப்பதாரருக்குப் பயன் தரும்.

சி.டி.சி. என்னும் கணக்கு

இறுதியில் சொல்லப்படும் தொகையும் கையில் கிடைக்கும் தொகை அன்று. 'சி.டி.சி.' எனப்படுவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு ஆகும். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம், செயல்திறனைப் பொறுத்து வழங்கப்படும் மாறும் ஊதியம் ஆகியவை அதனுள் அடங்கும்.

ஆண்டுக்கு ரூ.12 லட்சம் சி.டி.சி. என்று வைத்துக்கொண்டால், மாதம் ரூ.1 லட்சம் கிடைக்கும் என எண்ணத் தோன்றும். அதில் மாறும் ஊதியம் 10 சதவீதம், அதாவது ரூ.1,20,000 எனக் கொள்வோம். அடிப்படை ஊதியம் ரூ.6 லட்சமாக இருந்தால், நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதமாக ரூ.72,000; பணிக்கொடை ஒதுக்கீடு 4.81 சதவீதமாக ரூ.28,860. காப்பீட்டுக் கட்டணம் ரூ.15,000 எனக் கொண்டு இவை அனைத்தையும் கழித்தால் மீதி ரூ.9,64,140. அதிலிருந்து பணியாளரின் சொந்த வைப்பு நிதிப் பங்கு ரூ.72,000 பிடித்தம் செய்யப்படும். எஞ்சிய தொகையை 12 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ரூ.74,345 வருகிறது. தொழில் வரி, வருமான வரி ஆகியவை இருந்தால் அதற்கேற்ப மேலும் குறையும்.

வைப்பு நிதிக்குச் சட்டப்படியான ஊதிய உச்சவரம்பு மாதம் ரூ.15,000 என்பதால், மாதம் ரூ.1,800 மட்டும் செலுத்தும் நிறுவனங்களும் உள்ளன. அங்கே கணக்கு மாறும். பணிக்கொடை பெற, நிரந்தரப் பணியாளர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் நிறுவனம் மாறுவோருக்கு, சி.டி.சி.யில் காட்டப்பட்ட அந்தத் தொகை கைக்கு வராமலேயே போகிறது. எனவே, ஒரே சி.டி.சி. கொண்ட இரண்டு பணி வாய்ப்புகளில் மாத வருவாய் பல ஆயிரம் ரூபாய் வேறுபடக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் நிறுவனங்கள் வேலை அறிவிப்பில் ஊதியத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றோ, விண்ணப்பதாரரின் பழைய ஊதியத்தைக் கேட்கக் கூடாது என்றோ கூறும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்கு அருகில் வரும் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளன. பணியாளர்களுக்கு நியமனக் கடிதம் வழங்குவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வைப்பு நிதி, படிகள் முதலான விலக்குக்குரிய இனங்கள் மொத்தத் தொகையில் 50 சதவீதத்தைத் தாண்டினால், கூடுதலாக உள்ள பகுதி ஊதியமாகவே கருதப்படும். அடிப்படை ஊதியத்தை மிகக் குறைவாகக் காட்டும் வழக்கத்துக்கு இது கடிவாளம் இடுகிறது. எனினும், இவை அனைத்தும் வேலை கிடைத்த பிறகு பொருந்துபவை. விண்ணப்பிக்கும் கட்டத்துக்கு அல்ல.

ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஊதியம் வழங்குவதில் பாலினப் பாகுபாடு கூடாது என்பதையும் ஊதியச் சட்டத் தொகுப்பு வலியுறுத்துகிறது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் முன்னரே கூறியதுதான் இது. ஆனால், அருகில் அமர்ந்து அதே வேலையைச் செய்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பது தெரியாத ஒருவர், தமக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாக முறையிடுவது எளிதன்று. உரிமை சட்டத்தில் இருந்தாலும், அதைப் பயன்படுத்தத் தேவையான தகவல் அவரிடம் இல்லை.

பிற நாடுகளில் நிலை

ஆஸ்திரியாவில் வேலை விளம்பரத்தில் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறிப்பிடுவது 2011 முதல் கட்டாயம். அமெரிக்காவில் கொலராடோ மாகாணம் 2021 ஜனவரியிலும், நியூயார்க் நகரம் 2022 நவம்பரிலும், கலிபோர்னியா, வாஷிங்டன் மாகாணங்கள் 2023 ஜனவரியிலும் ஊதிய வரம்பை வெளியிடுவதைக் கட்டாயமாக்கின. கலிபோர்னியாவில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தும். விண்ணப்பதாரரின் பழைய ஊதியத்தைக் கேட்பதற்கும் அங்கு 2018 முதல் தடை உள்ளது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கான இத்தகைய விதி 2026 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை, விண்ணப்பதாரருக்கு நேர்காணலுக்கு முன்பே தொடக்க ஊதியத்தையோ, வரம்பையோ தெரிவிக்க வேண்டும் என்றும், பழைய ஊதியத்தைக் கேட்கக் கூடாது என்றும் கூறுகிறது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை காலக்கெடு விதிக்கப்பட்டது.

இச்சட்டங்களைத் தட்டிக்கழிக்கும் முயற்சிகளும் நடந்தன. கொலராடோவில் சட்டம் வந்த தொடக்கத்தில், சில நிறுவனங்கள் தொலைவிலிருந்து பணியாற்றும் வேலைகளுக்கு 'கொலராடோவில் வசிப்போர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று அறிவித்தன. பயனற்ற அளவுக்கு அகலமான வரம்பை வெளியிட்ட நிறுவனங்களும் இருந்தன. ஒன்டாரியோ விதியில் வரம்பின் இரு முனைகளுக்கும் இடையே 50,000 கனடா டாலருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது இவ்வகை உத்தியைத் தடுக்கிறது.

பெங்களூரிலும் ஹைதராபாதிலும் அலுவலகங்களைக் கொண்ட பன்னாட்டு நிறுவனங்கள், கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர் பணிக்கு வரம்பை வெளியிட்டாக வேண்டும். அதே பணிக்கு இந்தியாவில் வெளியிடும் அறிவிப்பில் அந்த வரியை விட்டுவிட முடியும். எனவே, இது இயலாத செயல் என்று கூறுவதற்கில்லை. கட்டாயம் இல்லை என்பதே வேறுபாடு.

தொகை வெளியானால் என்ன நிகழும்?

2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பில், புதிய பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ரூ.2.52 லட்சம் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது சமூக ஊடகங்களில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அது பொறியியல் அல்லாத மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கானது என்றும், பொறியியல் பட்டதாரிகளுக்கு ரூ.4 லட்சம் முதல் ரூ.12 லட்சம் வரை வழங்கப்படுவதாகவும் நிறுவனம் பின்னர் விளக்கம் அளித்தது. தொகையை மறைத்த அறிவிப்புகள் எந்தக் கேள்விக்கும் உள்ளாகாத நிலையில், வெளியிட்ட அறிவிப்பு விமர்சனத்தைச் சந்தித்தது. அதே வேளையில், அந்த விமர்சனத்தால்தான் இரு பிரிவினருக்கும் வழங்கப்படும் தொகை பொதுவெளிக்கு வந்தது.

சொல்லப்பட்ட தொகையும் எப்போதும் உறுதியானதல்ல. 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு ரூ.6.5 லட்சம் என உறுதி பெற்றுப் பணியில் சேரக் காத்திருந்த பட்டதாரிகளிடம், ரூ.3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று விப்ரோ நிறுவனம் கேட்டது. மாறிய பொருளாதாரச் சூழல் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

விண்ணப்பதாரர் செய்யக்கூடியவை

சட்டம் வரும் வரை, விண்ணப்பதாரர் சில கேள்விகளை முதல் அழைப்பிலேயே கேட்கலாம்.

* இப்பணிக்கு ஒதுக்கப்பட்டுள்ள ஊதிய வரம்பு என்ன? எதிர்பார்ப்பைச் சொல்லுமாறு வற்புறுத்தப்பட்டால், வரம்பை அறிந்த பிறகு சொல்வதாகப் பதிலளிக்கலாம்.

* அதில் நிலையான பகுதி எவ்வளவு, மாறும் பகுதி எவ்வளவு? கடந்த ஆண்டு மாறும் பகுதி முழுமையாக வழங்கப்பட்டதா?

* வைப்பு நிதி முழு அடிப்படை ஊதியத்துக்கா, உச்சவரம்புக்கு மட்டுமா?

* பணியில் சேரும்போது தரப்படும் ஊக்கத்தொகையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா?

கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் பணியாளர்கள் தாமாகப் பகிரும் ஊதிய விவரங்கள் ஒரு பொது மதிப்பீட்டைத் தரும். அவை சரிபார்க்கப்பட்ட கணக்கு அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய ஊதியத்தைக் கூட்டிச் சொல்வது, ஊதியச் சீட்டு சரிபார்ப்பின்போது வேலையையே இழக்கச் செய்யலாம். தொகையின் முழுப் பிரிவும் எழுத்து வடிவில் கைக்கு வரும் முன் தற்போதைய பணியிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பது பாதுகாப்பானதன்று. வேலைக்காகப் பதிவுக் கட்டணமோ, முன்பணமோ கேட்பவர் நேர்மையான முகவராக இருக்க வாய்ப்பில்லை.

இக்கேள்விகளைக் கேட்கும் துணிவு எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கையில் வேறு வேலை இருப்பவர் கேட்டுவிடுவார். பணிநீக்கம் செய்யப்பட்டவரோ, முதல் தலைமுறைப் பட்டதாரியோ, வீட்டுக் கடன் தவணையை எதிர்நோக்கியிருப்பவரோ வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று அஞ்சி மௌனமாக இருப்பார். பேரம் பேசும் திறன் உள்ளவருக்கு ஒரு தொகையும், இல்லாதவருக்கு வேறு தொகையும் என்ற நிலை அங்கேதான் உருவாகிறது. வேலை அறிவிப்பில் ஊதிய வரம்பைக் குறிப்பிடும் ஒரு வரி இருந்தால், அந்தக் கேள்வியை எவரும் கேட்க வேண்டிய தேவையே எழாது.